பளிங்கு நகரத்தில் மூன்று பெண்கள்

ஒஸ்லோவில் அரசரின் மாளிகைக்கு மதில் கிடையாது. நான் வசிக்கும் குரோருட்டிலிருந்து, தேபானே என்று இங்கே அழைக்கப்படும் சுரங்க ரயிலில் வந்து இறங்கி, நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்துக்கு நடப்பதற்கு அந்த மாளிகைப் பூங்காவைத்தான் பல வருடங்களாகக் குறுக்குவழியாக வைத்திருக்கிறேன். அரசரின் யன்னல்களுக்குக் கீழே மனிதர்கள் நாயோடு நடப்பார்கள். கோடை வந்தால் துணி விரித்து வெயில் காய்வார்கள். தொப்பியில் குஞ்சம் தொங்கும் காவற்படை இளைஞனின் பக்கத்தில் நின்று சுற்றுலாப் பயணிகள் படம் எடுப்பார்கள். எனக்கு மட்டும் அவனைக் கடக்கும்போது கைகள் இரண்டும் தாமாகவே கோட்டுப் பைகளிலிருந்து வெளியே வந்துவிடும். பனி கொட்டினாலும் அப்படித்தான். துவக்கு வைத்திருப்பவனுக்கு வெறுங்கையைக் காட்ட வேண்டும் என்று மட்டக்களப்பில் பழகிய உடம்பு, இருபத்தைந்து வருடங்களுக்கு மேல் இங்கே வாழ்ந்தும் அதை விடவில்லை.

இப்படிப்பட்ட நான் துருக்மெனிஸ்தானுக்குச் சுற்றுலா போனேன் என்றால் ஊரில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். போகவேண்டுமென்று ஆசைப்பட்டவள் என் மகள் மதுரா. இங்கேயே பிறந்து, கட்டடக்கலை படித்து, ஒஸ்லோவில் ஒரு நிறுவனத்தில் வேலை செய்கிறாள். அந்த நாட்டின் தலைநகரான அஷ்காபாத்தில் இருக்கும் அளவுக்கு வெள்ளைப் பளிங்குக் கட்டடங்கள் உலகில் வேறெங்கும் இல்லை என்று படித்தநாள் முதல் அதைக் கண்ணால் பார்க்கத் துடித்தாள். ஆனால் அழைப்பில்லாமல் அந்த நாட்டுக்குள் நுழைய முடியாது. நுழைந்தாலும் வழிகாட்டி இல்லாமல் சுற்ற முடியாது. இணையத்தில் பாதிக்கு மேல் திறக்காது. இதையெல்லாம் கேட்ட சிநேகிதிகள் ஒவ்வொருவராகப் பின்வாங்கிவிட, கடைசியில் என்னிடம் வந்தாள். "சென்றி பொயின்ற் பார்க்கவோ விமானம் ஏறிப் போறீங்க? ஊரில பார்த்தது காணாதா?" என்று போர்க்காலக் காவலரண்களைச் சொல்லி என் கணவர் கேட்டார். வளர்ந்த பிள்ளை தாயைத் துணைக்குக் கூப்பிடுவது எத்தனை தரம் வாய்க்கும்? நான் ஓம் என்றுவிட்டேன்.

இஸ்தான்புல்லில் மாறி, ஒரு வசந்தகாலக் காலையில் அஷ்காபாத்தில் இறங்கினோம். வழிகாட்டி மரால் எங்களுக்காகக் காத்துக்கொண்டு நின்றாள். முப்பது வயதிருக்கும். கணுக்கால் வரை தொங்கும் பச்சைச் சட்டை, கழுத்தடியில் நுணுக்கமான கைத்தையல், சுத்தமான ஆங்கிலம். கூடவே ஒரு சாரதி. அவர் எங்களோடு ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஆனால் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார் என்பது எனக்குத் தெரிந்தது. வாகனம் நகருக்குள் திரும்பியதும் நான் யன்னல் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டேன். வீதியின் இரு பக்கமும் வெள்ளைக் கட்டடங்கள், வெள்ளை விளக்குக் கம்பங்கள், ஓடுகிற கார்களும் வெள்ளை. பின்னால் மண்ணிற மலைத்தொடர். பாலைவனத்தின் விளிம்பில் ஆயிரக்கணக்கான நீர்த்தாரைகள். பெருக்குகிற பெண்கள் முகத்தைத் துணியால் சுற்றிக்கொண்டு பளிங்குப் படிகளைத் துடைத்தபடி இருந்தார்கள். அவர்களைத் தவிர நடைபாதையில் ஆட்களே இல்லை. எங்கள் வீட்டில் விருந்தாளிக்கென்று ஒதுக்கி வைத்த பீங்கான் கோப்பைகளைப்போல அந்த நகரம் இருந்தது. அழகா என்றால், அழகுதான். இதைச் சொல்வதில் எனக்குத் தயக்கம் இல்லை.

அந்த நாட்களில் மரால் எங்களை ஒவ்வோர் இடமாகக் கூட்டிப்போனாள். மூன்று கால்களில் நிற்கும் நடுநிலைமை வளைவின் உச்சியில் முதல் ஜனாதிபதியின் பொற்சிலை கைவிரித்து நிற்கிறது. முன்பு அது சூரியன் போகும் பக்கமெல்லாம் திரும்புமாம். கட்டடத்துக்குள்ளேயே சுழலும் மாபெரும் ராட்டினத்தில் நானும் மதுராவும் மட்டும் ஏறினோம். கம்பள அருங்காட்சியகத்தில் ஒரு சுவரையே மூடித் தொங்கும் கம்பளத்தின் முன்னால் நான் நெடுநேரம் நின்றேன். எத்தனை பெண்களின் விரல்கள்! சிவப்பிலேயே எத்தனை சிவப்பு! மதுரா கட்டடங்களின் மூலைகளைத் தடவிப் பார்த்துப் பளிங்குப் பலகைகள் எப்படிப் பொருத்தப்பட்டிருக்கின்றன என்று வியந்தாள். பிறகு கேள்விகளைத் தொடங்கினாள். இந்த வீடுகளில் யார் இருக்கிறார்கள்? முன்பு இந்த இடத்தில் இருந்தவர்கள் எங்கே போனார்கள்? நீங்கள் விரும்பினால் வெளிநாடு போகலாமா? அவள் கேட்பதில் கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. நோர்வேப் பள்ளிக்கூடம் அப்படித்தான் வளர்த்தது. மரால் ஒவ்வொரு கேள்விக்கும் புன்னகைத்து, பளிங்கு எந்த நாட்டிலிருந்து வந்தது, கட்டடம் எத்தனை மாடி என்று பதில் சொன்னாள். ஒரு பொய்யும் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதிலும் சொல்லவில்லை. அந்தக் கெட்டித்தனத்தைப் பார்த்து நான் உள்ளுக்குள் கைதட்டினேன்.

சும்மா பேச்சைத் திருப்ப, ஒஸ்லோவில் இருக்கும் பாராளுமன்றத்தைப் பற்றி நான் சொன்னேன். கடைத்தெரு நடுவில் இருக்கிறது, வாசலில் இரண்டு கற்சிங்கங்கள் உண்டு, அவற்றுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து சனங்கள் ஐஸ்கிரீம் சாப்பிடுவார்கள், சில நாட்களில் அரசாங்கத்தைத் திட்டிக் கூச்சலும் போடுவார்கள் என்றேன். மராலின் முகம் இறுகிவிட்டது. நான் அவளைச் சோதிக்கிறேன் என்று நினைத்திருக்க வேண்டும். சாரதியின் தலைக்குப் பின்புறத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, இடது பக்கம் தெரிவது குதிரைப் பந்தய மைதானம் என்றாள்.

மறுநாள்தான் அது நடந்தது. ஜனாதிபதி மாளிகைச் சதுக்கத்தின் ஓரமாக நடந்துகொண்டிருந்தோம். மாளிகையின் பொற்கூரைகளில் வெயில் பட்டுத் தெறித்தது. அங்கே படமெடுக்கக் கூடாது என்று மரால் முதலே சொல்லியிருந்தாள். மதுரா எடுத்தது மாளிகையை அல்ல, அதற்கு முன்னால் இருந்த ஒரு விளக்குக் கம்பத்தை. ஆனால் கைத்தொலைபேசி உயர்ந்ததைக் கண்டதும் அகன்ற தொப்பி போட்ட இளம் சிப்பாய் ஒருவன் வந்தான். எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை, மராலிடம் போனான். குரலை உயர்த்தாமல் ஏதோ கேட்டான். அவள் தன் அடையாள அட்டையை எடுத்துக் கொடுத்தாள். புன்னகை அப்படியே இருந்தது. அட்டையைப் பிடித்திருந்த விரல்கள் மட்டும் வெளுத்திருந்தன.

மதுராவுக்குக் கோபம் வந்துவிட்டது. "இதில ஒரு ஷில்ட்டும் இல்லையே அம்மா" என்றாள். அறிவிப்புப் பலகையை நோர்வே மொழியில் சொல்கிறாள். "நான்தானே எடுத்தனான்? என்னட்டக் கேக்கட்டும். நான் கதைக்கிறன்." அவள் சிப்பாயை நோக்கி ஓரடி வைத்ததும் நான் அவளது மணிக்கட்டைப் பிடித்தேன்.

என் கண்முன் நின்றது மட்டக்களப்பு வவுணதீவின் இராணுவச் சோதனைச் சாவடி. ஆற்றுக்கு அந்தப் பக்கமிருந்த உறவினர் வீட்டிலிருந்து நானும் அப்பாவும் நெல்மூட்டையோடு வந்த நாள் அது. அப்பாவை மறித்து, மூட்டையை அவிழ்த்துக் கொட்டச் சொன்னார்கள். பின்னால் வாகனத்தில் வந்த ஒரு வெள்ளைக்காரப் பெண், ஏதோ உதவி நிறுவனத்தில் வேலை செய்பவள், இறங்கி வந்து எங்களுக்காகச் சிப்பாயோடு வாதாடினாள். அவள் சொன்ன ஒவ்வொரு சொல்லும் நியாயம். முகம் சிவக்கச் சிவக்கப் பேசினாள். சிப்பாய் தலையாட்டிக் கேட்டுக்கொண்டான். அவள் திருப்தியோடு எங்களுக்குக் கையசைத்துவிட்டு வாகனத்தில் ஏறிப் போனாள். வாகனம் மறைந்த பிறகு அப்பாவை வெயிலில் நிறுத்தினார்கள். பொழுதுபடும்வரை நின்றார். அவள் நல்லவள், அதை ஒருநாளும் நான் மறுத்ததில்லை. அஷ்காபாத்தில் மதுராவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போதுதான், அந்த வெள்ளைக்காரப் பெண்ணையே நான் பெற்று வளர்த்திருக்கிறேன் என்று உறைத்தது.

"மகள், வாயத் திறக்காத" என்றேன். "உனக்கு ஒண்டும் நடக்காது. நாம வெளிக்கிட்டுப் போயிருவம். இஞ்ச இருக்கப்போறது அந்தப் பிள்ளைதான்."

மதுரா என்னைப் பார்த்தாள். அவளுடைய கை தளர்ந்தது. நான் கைத்தொலைபேசியை வாங்கி, சிப்பாயின் கண்ணில் படும்படி நீட்டி, படத்தை அழித்தேன். பிறகு கண்களைத் தாழ்த்திக்கொண்டு, மெதுவான குரலில், நான்தான் வயதுபோனவள், விளங்காமல் மகளிடம் எடுக்கச் சொல்லிவிட்டேன், வழிகாட்டி எங்களுக்கு முதலே சொல்லியிருந்தாள் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அந்தக் குரல் எனக்குள் இன்னும் இருக்கிறது என்று எனக்கே தெரியாது. சிப்பாய்க்கு எவ்வளவு விளங்கியதோ தெரியாது. மரால் அதை அவர்களுடைய மொழியில் சொன்னாள். அவன் என் நரைத்த தலைமுடியையும் முகத்தையும் ஒரு கணம் பார்த்தான். அட்டையைத் திருப்பிக் கொடுத்து, மரியாதையாக வழியைக் காட்டினான். அவனும் யாரோ பெற்ற பிள்ளைதான். அவனைப் பார்த்துக்கொண்டு இன்னொருவன் தூரத்தில் நின்றான்.

அன்று பின்னேரம் நிலநடுக்க நினைவிடத்துக்குப் போனோம். சாரதி கீழே வாகனத்தோடு நின்றுவிட, நாங்கள் மூவரும் மேட்டில் ஏறினோம். மாபெரும் வெண்கலக் காளை ஒன்று உலக உருண்டையைக் கொம்புகளால் குலுக்குகிறது. வெடித்த பூமிக்குள் இருந்து ஒரு தாய் தன் குழந்தையை மேலே தூக்கிப் பிடிக்கிறாள். தாய் வெண்கலம், குழந்தை பொன். மரால் வழக்கமான விளக்கத்தைச் சொன்னாள். 1948இல் ஒரே இரவில் நகரம் மண்ணாய்ப் போனது, எத்தனை பேர் செத்தார்கள் என்று சோவியத் காலத்தில் வெளியே சொல்லவில்லை, குழந்தை என்பது தப்பிப் பிழைத்த நாடு. பிறகு குரலைத் தணித்து, தன் குடும்பத்திலும் பலர் போனார்கள் என்றாள். "நெடுங்காலம் வீட்டுக்குள்ளேயே அழுதோம். இப்போது இங்கே வந்து அழலாம்" என்றாள். எங்கள் ஊரில் போரில் இறந்தவர்களுக்கு நட்ட கற்களையே இராணுவம் உடைத்த காலத்தைக் கண்டவள் நான். எதையும் வாய்விட்டுப் பேசாத இந்த நாடு, செத்த தாய்மாருக்கு இவ்வளவு உயரத்தில் ஓர் இடம் வைத்திருக்கிறதே என்று நினைத்தபோது நெஞ்சு நிறைந்தது. மதுரா அன்று ஒரு கேள்வியும் கேட்கவில்லை. காளையின் குளம்பில் கையை வைத்தபடி நின்றாள்.

படியிறங்கும்போது மரால் எனக்குப் பக்கத்தில் வந்தாள். சாரதி இன்னும் தூரத்தில் இருந்தார். "அந்தச் சிங்கங்கள்," என்றாள், என்னைப் பார்க்காமல், "உண்மையாகவே அவற்றின் பக்கத்தில் உட்காரலாமா?" உட்காரலாம் என்றேன். யாரும் எழுப்ப மாட்டார்களா என்று கேட்டாள். மழை எழுப்பும் என்றேன். வாயைக் கையால் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் உண்மையாகச் சிரித்து நான் கண்டது அப்போதுதான்.

ஒஸ்லோவுக்குத் திரும்பி வேலைக்குப் போன முதல் நாள், முதியோர் இல்லத்தில் நான் குளிப்பாட்டிவிடும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், பயங்கரமாக இருந்ததா என்று ஆவலோடு கேட்டார். மிகவும் அழகாக இருந்தது, நான் வாழ்நாளில் பார்த்த அழகான நகரங்களில் அதுவும் ஒன்று, அங்கே எனக்கு ஒரு நல்ல பெண் அறிமுகமானாள் என்றேன். அவர் என் கையைத் தட்டிக்கொடுத்து, "இங்கே நீ பயப்படாமல் உண்மையைச் சொல்லலாம்" என்றார். நான் சொன்னது உண்மைதான் என்று விளக்கப் பார்த்தேன். முடியவில்லை. எனக்காக மிகவும் இரக்கப்பட்டார்.

மதுரா தன் பயணப் படங்களை இணையத்தில் போட்டாள். வளைவு, ராட்டினம், கம்பளம், காளை எல்லாம் வந்தன. விமானநிலையத்தில் நாங்கள் மூவரும் சேர்ந்து நிற்க ஒரு பயணி எடுத்துத் தந்த படம் மட்டும் வரவில்லை. போட வேண்டாம் என்று நான் சொல்ல நினைத்திருந்தேன். அதற்கு முன்னமே அவள், "அதப் போடல்ல அம்மா, மராலுக்குச் சில நேரம் பிரச்சினையாப் போயிரும்" என்றாள். அன்றுதான் என் பிள்ளை எனக்கு இன்னும் கொஞ்சம் கிட்ட வந்ததுபோல இருந்தது. அதே நேரம், அவள் இப்படி யோசிக்கப் பழகிவிட்டாளே என்று ஒரு கவலையும் வந்தது.

அந்தப் படத்தை அவள் எனக்கு மட்டும் அனுப்பினாள். சமையலறை மேசையடியில் உட்கார்ந்து பெரிதாக்கிப் பார்த்தேன். நடுவில் மதுரா, இரு பக்கமும் எங்கள் தோள்களைச் சேர்த்தணைத்தபடி, பல் தெரியச் சிரித்துக் கமராவை நேராகப் பார்க்கிறாள். மராலும் நானும் சிரிக்கிறோம். ஆனால் இரண்டு பேரின் கண்களும் கமராவைத் தாண்டி, படத்தில் விழாமல் சிப்பாய் நின்ற ஒரே மூலைக்குப் போயிருக்கின்றன.