பெரியபாளையத்து வேண்டுதல்

பொன்னேரிப் பக்கம் நெல் பயிரிட்டுப் பிழைத்த அரசப்பன், அண்ணன்மார் மூவருக்கும் பின்னே பிறந்த கடைக்குட்டி. அவர் செத்த மறுவருஷம், அவருடைய ஒரே பிள்ளை அன்புராஜ் தேர்வாய் கண்டிகையில் பார்த்த கம்பெனி வேலையை விட்டு வெல்டராகச் சிங்கப்பூர் போனான். விலைவாசி ஆகாயத்தில் நிற்கிற ஊர் அது. ஒரு டீ வாங்கிக் குடிக்கக்கூட யோசிப்பான். ஓர் அறையில் பன்னிரண்டு பேர். தாயோடு போனில் பேச வேண்டுமானால் மாடிப்படிக்கு எழுந்து போக வேண்டும். டிக்கெட் விலைக்குப் பயந்தே ஆறு வருஷம் ஊர்ப்பக்கம் வரவில்லை.

போன சித்திரையில் அவனுக்கு டெங்கு கண்டு, பிழைப்பதே சந்தேகம் என்றார்கள். எப்படியோ தேறினான். தாய் சந்திரகலா போனில் சொன்னாள்: "பெரியபாளையத்தாளுக்கு வேண்டிக்கினு இருக்கேன். ஆடியில நீ வேப்பிலை கட்டிக்கினு கோயிலச் சுத்தணும்."

"எனக்குப் பதிலா நீ சுத்தேம்மா. லீவு கேட்டா வேலையே போயிடும்."

"உன் உடம்புக்கு வேண்டிக்கினது. நான் எப்புடிடா சுத்துறது?"

சாமி காரியத்தைத் தட்ட அவனுக்குத் துணிச்சல் இல்லை. ஐந்து நாள் லீவில் வந்தான். இடுப்பில் வேப்பிலையும் ஈரத்தலையுமாக மூன்று சுற்று முடித்து நின்றான். துருத்தி நின்ற அவன் முதுகெலும்பைத் தடவிப் பார்த்துச் சந்திரகலா அழுதுவிட்டாள்.

"அம்மனாண்ட உன் உசுர மட்டுந்தான்டா கேட்டேன். வேப்பிலை கட்டிச் சுத்தணும்னது நானா சேத்துக்கினது. இல்லாங்காட்டி நீ வருவியா?"

அன்புராஜுக்கு வந்த கோபம் அவள் முகத்தைப் பார்த்ததும் இறங்கிப்போயிற்று.

"அடுத்த ஆடிக்கும் ஏதாவது வேண்டிக்கம்மா" என்றான்.