துரையின் ஒருசந்தி

யுத்த காலத்தில் எங்கள் தெருவில் கொழுத்திருந்த ஜீவன் ஒன்றே ஒன்றுதான். அது எங்கள் வீட்டு நாய். பெயர் துரை. விளைந்த நெல்லில் பெரும்பங்கைச் சர்க்கார் அளந்து கொண்டு போக, நாங்கள் கம்பையும் வரகையும் தின்று காலம் தள்ளினோம். மனிதர்களுக்கெல்லாம் கழுத்தெலும்பு தெரிந்த அந்த நாட்களில் துரைக்கு மட்டும் கழுத்தே தெரியவில்லை.

ஏலாக்குறிச்சிக்குப் பக்கத்து ஊர் எங்களுடையது. கொள்ளிடம் நடந்து போகிற தூரம். அப்பா மாதா கோயில் பள்ளிக்கூடத்து வாத்தியார். துரை அவர் வளர்த்த நாயல்ல. அத்தையின் கணவர் குட்டியாகத் தூக்கி வந்து வளர்த்தது. மாமா பட்டாளத்தில் சேர்ந்து கப்பலேறிப் போனார். சிங்கப்பூர் விழுந்த பிறகு அவரைப் பற்றித் தகவலே இல்லை. அத்தை நாயையும் அழைத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டாள். வந்தவள் வாசலைத் தாண்டவில்லை. தாண்டினால், "தகவல் வந்துச்சா?" என்று தெருவே கேட்கும்.

எனக்கு அத்தையிடம் மிகவும் பிடித்தது ஒரு வித்தை. கையைத் தூக்கினால் அவளுடைய கண்ணாடி வளையல்கள் சலசலவென்று முழங்கை வரை ஓடும். தாழ்த்தினால் மணிக்கட்டுக்குத் திரும்பும். அம்மாவின் வளையல்கள் அப்படி ஓடமாட்டா. அத்தையின் கையை ஏற்றி இறக்கி மணிக்கணக்கில் விளையாடுவேன்.

நெல் பதுக்கலைத் தேடி ரெவினியூ இன்ஸ்பெக்டர் எங்கள் வீட்டுக்கும் வந்தார். குதிருக்குள் கம்பியை விட்டுக் குத்திப் பார்த்தார். அனுமதித்த அளவுதான் இருந்தது. திருப்தியில்லாமல் கிளம்பியவரை வாசற்படியில் துரை மறித்தது. குரைத்து அல்ல, படுத்து. எழுந்திருக்கும் உத்தேசம் அதற்கு இல்லை.

"இது என்ன சாப்புடுது வாத்தியாரே?"

"மிச்சம் மீதிதாங்க."

"எங்க வூட்டுல எனக்கே மிச்சம் இல்ல. குதிர்ல இல்லாத நெல்லு இது வயித்துல இருக்கும் போலிருக்கு."

அவர் துரையைத் தாண்டிக் குதித்துப் போனார். அந்தப் பேச்சு அவருக்கு முன்பே தெருக்கோடியை அடைந்துவிட்டது. பிற்காலத்தில் நானும் அதே இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் சொல்கிறேன்: நாயின் வயிறு சாட்சியமாகச் செல்லாது. ஆனால் வதந்திக்குச் சாட்சியச் சட்டம் கிடையாது.

மறுநாள் வகுப்பில் பையன்கள் சிரித்ததும் அப்பா உத்தரவு போட்டார்.

"பாஸ்காவுக்குள்ள இது எளைக்கணும். இல்லன்னா விக்கிரமங்கலத்து ஆட்டுக்கிடைக்கு அனுப்பிடுவேன்."

"அவரு வந்து கேட்டா நான் என்ன அண்ணே சொல்லுவேன்?" என்று அத்தை கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டாள்.

பாஸ்கா என்ற ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலம் தொடங்கும் சமயம். பெரியவர்கள் ஒருசந்தி இருப்பார்கள், அதாவது நாளுக்கு ஒரே வேளைச் சாப்பாடு. அப்பா துரையையும் அந்தக் கணக்கில் சேர்த்தார். ஞானஸ்நானம் பெறாத ஜீவன் ஒருசந்தி பிடிக்கலாமா என்று சாமியாரிடம் முன் அனுமதி பெறவில்லை. ஆனாலும் ஒன்றை முறைப்படி செய்தார். ஆரம்ப நிலையை அளக்காமல் முன்னேற்றத்தை அளக்க முடியாது என்பது அவருக்குத் தெரியும். பக்கத்து வீட்டு வேப்பமரத்தில் கடலைக்காய் வியாபாரியின் மூட்டைத் தராசு தொங்கியது. ஒரு தட்டில் துரை, மறு தட்டில் நான். துரை தரையில் நின்றது. நான் ஆகாயத்தில் ஆடினேன்.

பாதித் தவக்காலம் கழிந்து மறுபடியும் நிறுத்தார்கள். முன்னைவிட வேகமாக மேலே போனேன்.

"ஒருசந்தி இதுக்கு நல்லா ஒத்துக்கிச்சு சார்" என்றார் வியாபாரி.

அப்பா உத்தரவு போட்டாரே தவிர விசாரணை செய்யவில்லை. செய்தவள் அம்மா. அந்த வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதைக்குப் போவதாகச் சொல்லி என்னையும் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். தெருமுனையில் திரும்பி, கொல்லை வேலிப் பக்கமாக வந்து நின்றாள். கிணற்றடியில் அத்தை மடியில் தட்டோடு உட்கார்ந்திருந்தாள். தனக்கு வைத்த கம்பங்களியை உருண்டை பிடித்து, ஒவ்வொன்றாகத் துரைக்குக் கொடுத்தாள். தட்டு காலியானது. கழுவிக் கவிழ்த்தாள்.

குற்றவாளி பிடிபட்ட சந்தோஷத்தில் நான் வாயைத் திறந்தேன். அம்மா பொத்திவிட்டாள். வீட்டுக்குள் வந்து, "சாப்புட்டியா?" என்று மட்டும் கேட்டாள்.

"ஆச்சு அண்ணி" என்றாள் அத்தை.

மறுநாள் காலை அம்மா ஒரு சேதி கொண்டுவந்தாள். அரியலூர் மாட்டு டாக்டர் சொன்னாராம்: கையால் ஊட்டுகிற சோறுதான் நாய்க்குக் கொழுப்பாம், தினமும் கொள்ளிடம் வரை நடத்தினால் வற்றிவிடுமாம். நான் கயிற்றைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். கோயில் முனையில் துரை உட்கார்ந்துவிட்டது.

"அது ஒன் பேச்சத்தான் கேக்கும். நீயே கூட்டிட்டுப் போ" என்றாள் அம்மா அத்தையிடம்.

"நான் எப்படி அண்ணி வெளிய..."

"அப்ப விக்கிரமங்கலத்துக்கு அனுப்பிடலாமா?"

அத்தை கயிற்றை வாங்கிக்கொண்டாள்.

"இரு. வெறும் வயித்துல அவ்ளோ தூரம் நடந்தா விழுந்துடுவ. ஒக்காரு."

"ஒருசந்தி அண்ணி."

"நடக்குறவங்களுக்கு ஒருசந்தி இல்லையாம். சாமியார்கிட்ட கேட்டுட்டேன்."

அம்மா எந்தச் சாமியாரையும் கேட்கவில்லை. மாட்டு டாக்டரை அவள் கண்ணால் கண்டதுமில்லை. மேலிடத்துக்கே தெரியாமல் மேலிடத்து உத்தரவைப் பிறப்பிப்பது நிர்வாகக் கலையின் உச்சம். ஓய்வு பெறும்வரை எனக்கு அது கைவரவில்லை. அன்று முதல் காலையும் மாலையும், தட்டு காலியாகும்வரை அம்மா அத்தைக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். துரையைக் கட்டிப்போட்டிருந்தார்கள்.

முதல் நாள் கரும்புக் கொல்லையோரம் புல் சுமந்து வந்த கிழவி வழியை மறித்தாள். அத்தை தலையைக் குனிந்துகொண்டாள். கிழவி துரையைத்தான் பார்த்தாள்.

"எப்பத் தாயி குட்டி போடும்?"

"ஆயா, இது கடுவன்" என்றாள் அத்தை.

கிழவி புல்லுக்கட்டை இறக்கிவைத்துவிட்டுச் சிரித்தாள். அத்தையும் சிரித்தாள். அவள் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

பிறகு வழியில் எல்லாரும் துரையைப் பற்றியே கேட்டார்கள். "தொர எளைச்சாராம்மா?" "இன்னிக்கி எதுவரைக்கும் வந்தாரு?" மாமாவைப் பற்றிக் கேட்க அவர்களுக்கு மறந்து போனது. மூச்சிரைத்து நடந்த துரை, ஒருநாள் கொள்ளிடத்து மணலில் ஒரு கொக்கைக் கண்டது. காதை விறைத்தது. ஓடியது. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அத்தையும் பின்னால் ஓடினாள். அவர்களைப் பிடிக்க என்னால் முடியவில்லை.

பாஸ்கா முடிந்த மறுநாள் வேப்பமரத்தடியில் மறுபடியும் தராசு. இந்த முறை நான் தரையில் நின்றேன். துரை ஆகாயத்தில் நாலு காலையும் பரப்பிக்கொண்டு, இது என்ன நியாயம் என்பதுபோல் எங்களைப் பார்த்தது.

"இது இங்கயே இருக்கட்டும்" என்றார் அப்பா, தன் ஒருசந்தி வென்ற பெருமிதத்தோடு.

அத்தை இரண்டு கைகளையும் உயர நீட்டித் துரையை இறக்கினாள். நான் வளையல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவை ஓடவில்லை. கிட்டப்போய் விரலால் தள்ளினேன். மணிக்கட்டை விட்டு நகரவில்லை.

"அம்மா, அத்தை வளையல் ஓடவே மாட்டேங்குது" என்று புகார் செய்தேன்.

அம்மா அருகே வந்து அந்தக் கையைப் பிடித்துப் பார்த்தாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"நாய் எளைச்சதுக்கு யாராச்சும் அழுவாங்களா?" என்றார் அப்பா.

அவர் கேட்டது நியாயமாகவே எனக்கும் பட்டது. அழ வேண்டியவன் நானல்லவா? அவ்வளவு அருமையான வித்தை போய்விட்டதே.