பிடி திரும்பிய கத்தி

தெல்தோட்டையில் வேலையில்லாத எங்களுக்கு மரம் வெட்டவும் அகப்பை செதுக்கவும் பயிற்சி கொடுத்தார்கள். கடைசிச் சோதனையில் தனக்குக் குறித்த மரத்தை வெட்டிச் சாய்ப்பவருக்கு, தொழில் தொடங்க உபகரணப் பெட்டி கிடைக்கும்.

எங்களில் ஒருவருக்குப் புருவமே இல்லை, ஒடிசலான ஆள். வெட்டுவதற்கு முதல் நாளே மரத்தில் கத்தியைக் கொத்திவைத்துவிட்டுப் போவார். காலையில் அது விழுந்து கிடந்தால், மரத்தில் குடியிருப்பது சம்மதிக்கவில்லை என்று அந்த மரத்தைத் தொடமாட்டார்.

சோதனையன்று அவர் கத்தி கீழே கிடந்தது.

“காத்துல விழுந்திருக்கும்ணே,” என்றேன்.

“காத்து பிசினைத் தொடைக்குமா? பிடிய வேற நம்ம பக்கம் திருப்பி வச்சிருக்கு, பாருங்க.”

அலகில் ஒரு பொட்டுப் பிசின் இல்லை. அவர் கத்தியையும் எடுக்காமல், பெட்டியும் வேண்டாமென்று மலையிறங்கிப் போய்விட்டார். பிறகு அவரை நான் பார்க்கவில்லை.

அவர் விட்ட மரத்தை எனக்குக் குறித்தார்கள். வெட்டினேன்.

இப்போது கெலிஓயாவில் அகப்பைக் கடை வைத்திருக்கிறேன். மாலையில் கத்தியைக் கட்டையில் கொத்திவைத்துவிட்டுக் கடையைப் பூட்டுகிறேன். காலையில் அது துடைத்தபடி மேசைமேல் கிடக்கிறது, பிடி வாசல் பக்கம் திரும்பி. அவராக இருந்தால் அப்படியே திரும்பிப் போயிருப்பார். எனக்கு வேறு தொழில் தெரியாது. எடுத்துச் செதுக்கத் தொடங்குகிறேன்.