ஒட்டாத சுண்ணாம்பு

வேன் ஆற்றங்கரைப் பக்கம் திரும்பாமல் மேட்டுப் பாதையில் ஏறியபோதே ஃபெலிஸ்மினாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டாள்.

"பால்பினா, எங்கடி போறோம்?"

"சாப்பிடத்தான்."

"சாப்பாடு மண்டபத்துலன்னு சொன்னே."

"மண்டபம்னுதான் சொன்னேன். எந்த மண்டபம்னு நீ கேட்டியா?" பால்பினா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "மடத்து மண்டபம், முற்றத்துல வச்சுப் போடறாங்க. ஆட்டுக்கறி. பேசாம வா."

முதியோர் சங்கத்து வேனில் பதினொரு பேர் இருந்தார்கள். எல்லாரும் எழுபதைத் தாண்டியவர்கள், எல்லாரும் ஒரே ஊர். இந்தப் பதினொரு பேரில் மேட்டு மடத்து அருங்காட்சியகத்தை ஒருமுறைகூட உள்ளே போய்ப் பார்க்காதவள் ஃபெலிஸ்மினா ஒருத்திதான். அது திறந்து இருபத்தொரு வருஷம் ஆகிறது. கேட்பவர்களிடம் ஒரு தடவை குளிர் என்பாள், ஒரு தடவை முட்டிவலி என்பாள். புனித செபாஸ்தியான் திருநாளன்று டிக்கெட்டே இல்லாமல் எல்லாரையும் உள்ளே விட்டபோது, கோழிக்கு உடம்பு சரியில்லை என்றுகூடச் சொல்லியிருக்கிறாள்.

பால்பினா அவளுடைய மகளுக்கு ஞானத்தாய். ஐம்பது வருஷப் பழக்கம். அவளிடம்கூட உண்மையான காரணத்தைச் சொன்னதில்லை.

ஃபெலிஸ்மினா பிறந்தது கூலிக்காரக் குடும்பத்தில். அந்த அலென்டெஜோ வட்டாரத்தில் அப்படிப் பிறந்த பெண்ணுக்கு அறுவடைக் காலத்தில் அரிவாள், பனிக்காலத்தில் ஒலிவக்காய், வசந்தத்தில் சுண்ணாம்பு. ஈஸ்டருக்கு முன்னால் வீடு வீடாக வெள்ளையடிக்கும் வேலை அங்கே பெண்களுடையது. அவள் நல்ல உயரம். ஏணி இல்லாமலே வாசல் நிலைக்கு மேலே எட்டுவாள். பதினைந்து வயதில் சுண்ணாம்பு மட்டையைப் பிடித்தவள், இருபது வயதுக்குள் கைதேர்ந்தவள் என்று பெயர் வாங்கிவிட்டாள்.

அந்த இருபதாவது வயதில், 1963 வசந்தத்தில், மேட்டு மடத்தில் வேலை வந்தது. துறவிகள் போய் நூறு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அப்போது அது கோதுமைக் கிடங்கு. லிஸ்பனிலிருந்து யாரோ பெரிய அதிகாரி பார்வையிட வருகிறாராம். கிடங்கு மேஸ்திரி ஒலெகாரியோ நான்கு பெண்களைக் கூட்டிப்போனார். மற்ற மூவருக்கும் வெளிச்சுவரும் வராந்தாவும். உயரமானவள் என்பதால் ஃபெலிஸ்மினாவுக்குச் சாப்பாட்டுக் கூடத்தின் பெரிய சுவர்.

அந்தச் சுவரில் ஆட்கள் இருந்தார்கள். நீளமான மேஜை, அதைச் சுற்றிப் பதின்மூன்று பேர், இயேசுவின் இறுதி இராவுணவு. புகையும் கோதுமைத் தூசியும் படிந்து மங்கியிருந்தாலும் ஒவ்வொரு முகமும் தெரிந்தது. ஒருவர் காதில் கையை வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். இன்னொருவருக்கு வாய் நிறைய ரொட்டி.

"இரும்புச் சுரண்டியால நல்லா சுரண்டு. தண்ணி அடிச்சுக் கழுவு. அப்புறம் கொழுப்பு போட்ட சுண்ணாம்பு ரெண்டு கை," என்று சொல்லிவிட்டு ஒலெகாரியோ போய்விட்டார். சுண்ணாம்பு நீற்றும்போது, கொதிக்கும் சூட்டிலேயே மாட்டுக்கொழுப்பைப் போட்டுவிட்டால் பூச்சு சுவரைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். கையில் ஒட்டாது, மழைக்குக் கரையாது.

அவள் சுரண்டவில்லை, கழுவவில்லை, கொழுப்பும் போடவில்லை. தனித் தொட்டியில் வெறும் சுண்ணாம்பை நீற்றி, தூசியின் மேலேயே இரண்டு கை அடித்தாள். ரொட்டி தின்றவரின் முகத்தைக் கடைசியில் மூடினாள். சாயங்காலத்துக்குள் சுவர் வெள்ளையாகிவிட்டது.

அதிகாரி வந்தார், போனார். அந்தச் சுவரில் சாய்ந்து நின்றதில் அவருடைய கறுப்புக் கோட்டின் முதுகு முழுக்க வெள்ளை. ஒலெகாரியோ மறுநாளே அவளைக் கூப்பிட்டு, கொழுப்பைத் திருடி வீட்டில் சோப்பு காய்ச்சிவிட்டாள் என்று எல்லார் முன்னாலும் திட்டினார். அதற்குப் பிறகு ஊரில் யாரும் அவளை வெள்ளையடிக்கக் கூப்பிடவில்லை. 'ஒட்டாத ஃபெலிஸ்மினா' என்று பெயர் ஒட்டிக்கொண்டது. அவள் தக்காளி ஆலைக்குப் போனாள், வண்டிக்காரன் செஃபெரினோவைக் கட்டிக்கொண்டாள், ஒரு மகளைப் பெற்று வளர்த்தாள். கேலிப்பெயர் நாளாவட்டத்தில் பழகிப்போயிற்று.

பழகாதது வேறொன்று. மடம் அருங்காட்சியகமாகத் திறந்த அன்று முற்றத்தில் கூட்டத்தோடு கூட்டமாக அவளும் செஃபெரினோவும் நின்றிருந்தார்கள். வெளியூரிலிருந்து வந்த ஒரு பிரமுகர் ஒலிபெருக்கியில் பேசினார். இந்த மடத்தின் மிகப்பெரிய செல்வம் ஒரு சுவரோவியம், அதை அறிவில்லாத கைகள் சுண்ணாம்பால் அழித்துவிட்டன, என்றார். எல்லாரும் உச்சுக் கொட்டினார்கள். ஃபெலிஸ்மினா தன் கைகளைச் சால்வைக்குள் இழுத்துக்கொண்டாள். சுண்ணாம்பு தோலையே பொத்துப்போக வைக்கும், சாயத்தை விட்டுவைக்குமா? பதின்மூன்று பேரையும் எரித்தது தான்தான் என்று அன்றைக்கு முடிவுகட்டிக்கொண்டாள். செஃபெரினோ சாகும்வரை அவனிடமும் சொல்லவில்லை.

இப்போது வேன் மடத்து வாசலில் நின்றது.

"இறங்குடி. உன்னைத் தூக்கிட்டுப் போக நான் என்ன உன் புருஷனா?" என்றாள் பால்பினா.

முதலில் துறவிகளின் அறைகளைப் பார்த்தார்கள். ஒரு கட்டில் போட்டால் நிறைந்துவிடும் அறைகள், ஒவ்வொன்றிலும் ஒரு படம். பால்பினா ஒன்றைக்கூட விடவில்லை.

"இந்தப் புனிதரைப் பாரு, நம்ம ரொட்டிக்கடைக்காரன் மூக்கு அப்படியே."

"மெதுவாப் பேசு."

"ஏன், அவருக்குக் காது கேக்குமா?"

கசிமிரோ பின்னாலிருந்து சிரித்தார். கிடங்கில் மூட்டை தூக்கியவர், ஊரில் யாரையும் கேலி பண்ணாமல் விட்டதில்லை. ஃபெலிஸ்மினா சிரிக்கவில்லை. வராந்தாவின் கடைசியில் இருந்த இரட்டைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் பின்னால் என்ன இருக்கிறது என்று யாரும் அவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கதவு திறந்தது. கூடத்தில் பாதிச் சுவருக்குச் சாரம் கட்டியிருந்தது. மேலே ஒரு பெண், நெற்றியில் பூதக்கண்ணாடி, கையில் ஆபரேஷன் கத்தி. நாற்பது வயதிருக்கும்.

"வியோலாந்த் டாக்டர்," என்று சங்கத்துப் பெண் அறிமுகப்படுத்தினாள்.

"என் முதுகுக்கு மருந்து குடுப்பாளா?" என்று பால்பினா கிசுகிசுத்தாள்.

"அவ செவுத்து டாக்டர். நீ செவுரா இருந்தா பாப்பா," என்றார் கசிமிரோ.

ஃபெலிஸ்மினா தரையைப் பார்த்தபடி நின்றிருந்தாள். பால்பினாதான் அவள் முழங்கையை இடித்தாள். "ஏய், நிமிந்து பாரு. அந்த ஆளு வாய் நிறைய அடைச்சுக்கிட்டு இருக்கான்!"

அவள் நிமிர்ந்தாள். இருந்தார். கன்னம் புடைக்க, அதே ரொட்டியோடு. பக்கத்தில் காதில் கைவைத்தவர். அவருக்கு அடுத்து இன்னும் நான்கு பேர். மீதிச் சுவர் வெள்ளை. அவள் பெஞ்சைப் பிடித்து உட்கார்ந்துகொண்டாள்.

வேலை ஆரம்பித்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது; வியோலாந்த் மேலேயே நின்று எல்லாருக்கும் சொன்னாள். "இதுக்கு மேல ஆறு பூச்சு இருக்கு. மேல இருக்கற அஞ்சும் கொழுப்பு போட்டது, கல்லு மாதிரி. அதுக நேரா படத்து மேல பட்டிருந்தா நான் இங்க வந்திருக்கவே வேணாம். ஆனா எல்லாத்துக்கும் அடியில இருக்கற முதல் பூச்சு வெறும் சுண்ணாம்பு. சுவரைச் சுரண்டவும் இல்ல, கழுவவும் இல்ல. தூசி மேலேயே அடிச்சிருக்காங்க. அதனால மொத்தமும் அவிச்ச முட்டை ஓடு மாதிரி உரிஞ்சு வருது. யாரு அடிச்சாங்கன்னு தெரியல. வேலையில ஏமாத்தின யாரோ ஒரு சோம்பேறி. அவங்களுக்கு நான் தினமும் நன்றி சொல்லிக்கிட்டிருக்கேன்."

கசிமிரோ தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார்.

"சோம்பேறியா? அது நம்ம ஃபெலிஸ்மினா! ஒட்டாத ஃபெலிஸ்மினா! அதிகாரி கோட்டை வெள்ளையாக்கி அனுப்பினவ! கொழுப்பைத் திருடி சோப்பு காய்ச்சினவ!"

எல்லாரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். ஐம்பத்தாறு வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தவள் எழுந்து நின்றாள். அந்த வயதிலும் அந்தக் கூட்டத்தில் அவள்தான் உயரம்.

"சோம்பேறின்னு சொன்னா பல்லை உடைப்பேன், கசிமிரோ. நான் ஏமாத்தல. சுரண்டியை எடுத்துக்கிட்டுப் போனேன், அந்த ஆளு முகத்துக்கிட்ட வச்சேன். சாப்பிட்டுக்கிட்டு இருக்கற மனுஷன் மூஞ்சிய எப்படிடா சுரண்டறது? கை வரல. அதான் சுரண்டல. கொழுப்பு போட்டா அப்புறம் எவனாலயும் எடுக்க முடியாது, அதான் போடல."

"அப்ப சோப்பு?"

அவள் சற்று யோசித்தாள். "சோப்பு காய்ச்சினதும் நிஜம்தான். கொழுப்பு சும்மா கெடந்துச்சு. எங்கம்மாவுக்குத் துணி துவைக்க சோப்பு இல்ல. எது முதல்ல தோணுச்சுன்னு இப்ப கேட்டா எனக்கே தெரியாது."

பால்பினா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கசிமிரோ சிரிக்க மறந்துபோனார். வியோலாந்த் ஏணியில் இறங்கி வந்தாள். கையுறையைக் கழற்றிவிட்டு, ஃபெலிஸ்மினாவைப் பெஞ்சில் உட்காரவைத்துத் தானும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நீங்கதானாம்மா?"

"நான்தான். டாக்டரம்மா, ஒண்ணு கேக்கறேன், உள்ளதைச் சொல்லணும். சுண்ணாம்பு பட்டு சாயம் எரிஞ்சு போயிருக்கா?"

"நீலம் கொஞ்சம் போயிருக்கு. அது ஈரத்தால, உங்களுக்கு முன்னாடியே போனது. முகமெல்லாம் அப்படியே இருக்கு. நீங்க மூடாம விட்டிருந்தா அடுத்து வந்தவங்க சுரண்டிட்டுத்தான் அடிச்சிருப்பாங்க."

"அழிச்சுட்டாங்கன்னு அன்னிக்கு மைக்ல சொன்னாங்களே."

"சொன்னவர் சுவரைத் தொட்டுப் பாத்திருக்க மாட்டார்."

ஃபெலிஸ்மினா பெரிதாக ஒரு மூச்சு விட்டாள். அழுகை வரும் என்று பால்பினா கைக்குட்டையை எடுத்து வைத்துக்கொண்டாள். வரவில்லை. செருப்புக் கடித்த இடத்தில் செருப்பைக் கழற்றினால் வருமே, அந்த மாதிரி ஒரு சுகம் உடம்பு முழுக்கப் பரவியது. மடியில் இருந்த கைகளைப் பார்த்தாள். கைப்பையை எப்போது பெஞ்சில் வைத்தாள் என்று நினைவில்லை.

வியோலாந்த் விடவில்லை. எந்தச் சூளைச் சுண்ணாம்பு, எத்தனை நாள் ஊறியது, மட்டையா தூரிகையா, எந்தப் பக்கமிருந்து ஆரம்பித்தாள், எல்லாம் கேட்டாள். ஃபெலிஸ்மினா ஒவ்வொன்றுக்கும் நின்று நிதானமாகப் பதில் சொன்னாள். இந்த வேலையைப் பற்றி யாரும் அவளிடம் மரியாதையாகக் கேட்டு ஐம்பத்தாறு வருஷம் ஆகியிருந்தது.

"முழுச் சுவரையும் கிட்ட நின்னு பாத்த ஆள் நீங்க ஒருத்தர்தாம்மா இருக்கீங்க," என்றாள் வியோலாந்த். "எங்களுக்குப் போட்டோகூட இல்ல. இன்னும் மூடியிருக்கற இந்தப் பக்கம் என்ன இருந்துச்சு, ஞாபகம் இருக்கா?"

ஃபெலிஸ்மினா எழுந்துபோய் வெள்ளைச் சுவரின் முன்னால் நின்றாள்.

"இங்க ஒருத்தன் முதுகைக் காட்டிக்கிட்டு உக்காந்திருந்தான். யூதாசா இருக்கும், அவன் மூஞ்சிய யாரும் பாத்ததில்ல. மேஜைக்குக் கீழ இங்க ஒரு நாய். வெள்ளையா, காது கறுப்பா. இதோ இந்த இடத்துல ஒரு கூடை. கூடையில மீனு… மீனா, ரொட்டியா? மீனுதான். அந்தக் கடைசியில ஒருத்தர் தூங்கிக்கிட்டிருந்தார்."

"தூங்கிக்கிட்டா? இறுதி இராவுணவுலயா?"

"நல்லாத் தின்னுட்டு தூங்கறவர் மாதிரிதான் இருந்துச்சு. உரிச்சுப் பாருங்க, தெரியும்."

வியோலாந்த் ஒரு காகிதத்தில் எல்லாவற்றையும் கட்டம் போட்டுக் குறித்துக்கொண்டாள்.

முற்றத்தில் ஆரஞ்சு மரங்களுக்கு அடியில் மேஜை போட்டிருந்தார்கள். அகலமான கிண்ணத்தில் ரொட்டித் துண்டுகள், அதன்மேல் பூண்டும் கொத்தமல்லியும் மணக்க ஆட்டுக்கறிக் குழம்பு. ஃபெலிஸ்மினா இரண்டாவது முறையும் கேட்டு வாங்கினாள். வியோலாந்த் கைகழுவிக்கொண்டு வந்து அவளுக்கு எதிரில் உட்கார்ந்தாள். கசிமிரோ தன் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"கோவமா?"

"சாப்பிடு."

"நான் விளையாட்டுக்குத்தான் சொல்றது. இத்தனை வருஷமா நீயும் ஒண்ணும் சொல்லல."

"சொல்லியிருந்தா நம்பியிருப்பியா?"

கசிமிரோ ரொட்டியைக் குழம்பில் அழுத்தியபடி யோசித்தார். "மாட்டேன்," என்றார் நேர்மையாக. பிறகு ஒயின் ஜாடியை எடுத்து அவளுடைய டம்ளரை நிரப்பினார். மன்னிப்பு என்ற வார்த்தை அவருக்கு வராது. அவளும் அதை எதிர்பார்க்கவில்லை.

பால்பினாவுக்குத்தான் மனம் ஆறவில்லை. "ஐம்பது வருஷம்! என்கிட்டகூடச் சொல்லலையே. உன் மகளுக்கு ஞானஸ்நானத் தண்ணி ஊத்தினப்ப நான்தானே தூக்கிப் பிடிச்சேன்?"

"நீ பொய் சொல்லித்தானே என்னை இங்க கூட்டிட்டு வந்தே. ரெண்டும் சரியாப் போச்சு."

"நான் பொய்யே சொல்லல. மண்டபம்னு சொன்னேன்."

சாப்பிட்டு முடிக்கும்போது வியோலாந்த், செவ்வாய்க்கிழமை வந்து இன்னும் கொஞ்சம் ஞாபகப்படுத்திச் சொல்ல முடியுமா, வண்டி அனுப்புகிறேன், என்று கேட்டாள்.

"செவ்வாக்கிழமை சந்தை," என்றாள் ஃபெலிஸ்மினா, கிண்ணத்தில் ஒட்டியிருந்த குழம்பை ரொட்டியால் வழித்தபடி. "புதன் வரேன். வண்டியெல்லாம் வேணாம், நடந்தே வந்துருவேன். கசிமிரோவையும் கூட்டிட்டு வரேன், ஏணி பிடிக்க ஆள் வேணும்ல?"

"இந்த வயசுல ஏணி ஏறப்போறியா?" என்று பால்பினா அலறினாள்.

ஃபெலிஸ்மினா வாய் நிறைய ரொட்டியை அடைத்துக்கொண்டு மென்றாள்.