கயலின் பேச்சும் திரும்பி நின்ற புள்ளிகளும்

போன ஞாயிற்றுக்கிழமை காலை. மாடம்பாக்கத்தில், விரலால் தடவிப் படிக்கும் பிரெய்ல் எழுத்தை அடிக்கிற பிரின்டர் வைத்திருக்கும் சாந்தி மேடம் வீடு. அப்போதுதான் வெளியே வந்த தாளைத் தடவிப் பார்த்த என் மகள் கயல் சொன்னாள்: "அப்பா... இது தமிழே இல்ல."

அதை எழுதியவன் நானேதான், பிள்ளைகளே.

கயலுக்குக் கண் தெரியாது. ஏழாம் வகுப்பு. அன்று சாயங்காலம் எங்கள் காலனி விழாவில் வரவேற்புரை அவள்தான். போன வருஷம் மனப்பாடமாகப் பேசப் போய் பாதியில் மறந்து நின்றாள். கூட்டம் பரிதாபப்பட்டுக் கை தட்டியது. அதை அவள் இன்னும் மன்னிக்கவில்லை. "கையில பேப்பர் இருந்தாத்தான் மேடை ஏறுவேன்" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

அவள் எழுத வேண்டிய வலது கையிலோ சுளுக்கு. கட்டு! "நான் எழுதித் தர்றேன் கண்ணு" என்று மார் தட்டினேன். அவளோடு உட்கார்ந்து ஸ்லேட்டில் பிரெய்ல் கற்றவன் ஆயிற்றே!

ஸ்லேட் என்றால் கரும்பலகை இல்லை. ஒரு சட்டத்தில் தாளைச் செருகி, பின்பக்கமிருந்து ஊசியால் குத்த வேண்டும் — வலமிருந்து இடமாக. திருப்பினால் புள்ளிகள் மேடாக நிற்கும். இடமிருந்து வலமாகத் தடவிப் படிக்கலாம்.

ஸ்லேட்டில் ஒரு குத்து தப்பினால் தாளே போச்சு. போனில் அழிக்கலாமே! ஒவ்வொரு எழுத்தையும் ஆறு புள்ளிகளில் தொட்டு எழுதுகிற போன் கீபோர்டில் நாலு நாள் உட்கார்ந்து தட்டினேன்.

தப்பு எங்கே என்று கண்டுபிடித்துவிட்டீர்களா? இடப்பக்கம் வர வேண்டிய புள்ளியை ஸ்லேட்டில் வலப்பக்கம் குத்துவோம்; போனிலும் அப்படியே வலப்பக்கம் தொட்டிருக்கிறேன். எல்லா எழுத்தும் கண்ணாடியில் பார்த்த மாதிரி! என் பிழைப்பு ரப்பர் ஸ்டாம்ப் கடை. திரும்பிய எழுத்தையே பார்த்துப் பழகிய கண்ணுக்குச் சந்தேகம் வருமா?

"நான் போகல" என்றாள் கயல்.

சாந்தி மேடம் சிரித்தார். "தமிழ்லயே டைப் பண்ணி அனுப்பியிருந்தா கம்ப்யூட்டரே பிரெய்லா மாத்தியிருக்கும் சார்."

நாலு நாள்...!

"பரவால்ல, இதையே சரி பண்ணலாம்" என்றார் மேடம். "கயல், 'க'வுக்கு எந்தப் புள்ளி?"

"ஒண்ணு, மூணு."

"அப்பா போட்டது?"

தடவினாள். "நாலு, ஆறு."

இடப்பக்கம் மேலிருந்து கீழாக ஒன்று, இரண்டு, மூன்று. வலப்பக்கம் நாலு, ஐந்து, ஆறு. கம்ப்யூட்டர் இவற்றைப் படமாக வைத்துக்கொள்வதில்லையாம். முதல் புள்ளிக்கு மதிப்பு 1. அப்புறம் 2, 4, 8, 16, 32. மேடாக நிற்பவற்றைக் கூட்டி, பிரெய்லுக்கென்றே ஒதுக்கிய ஒரு பெரிய எண்ணோடு சேர்த்துக்கொள்ளும். அவ்வளவுதான். 'க' என்றால் 1-ம் 4-ம் சேர்ந்து ஐந்து. நான் போட்டது 8-ம் 32-ம் — நாற்பது! எந்த இரண்டு வடிவத்துக்கும் ஒரே கூட்டல் வராது. வேண்டுமானால் போட்டுப் பாருங்கள்.

தமிழா, இங்கிலீஷா? அந்த எண்ணுக்குத் தெரியாது. எந்தப் புள்ளி நிற்கிறது என்பது மட்டும் தெரியும். மொழி, படிக்கிற விரலில்தான் இருக்கிறது.

அதனால்தான் பிழைத்தேன். ஒன்றும் நாலும் இடம் மாறு, இரண்டும் ஐந்தும் மாறு, மூன்றும் ஆறும் மாறு — மேடம் கம்ப்யூட்டருக்கு உத்தரவு போட்டார். நான் இரண்டு வாய் காபி குடிப்பதற்குள் இரண்டு பக்கமும் நேராகிவிட்டன; மறுபடி தாளில் அடித்துக் கொடுத்தார். தப்பு செய்தாலும் ஒரே சீராகச் செய்ய வேண்டும், பிள்ளைகளே. திருத்துகிறவருக்குச் சுலபம்!

ஆட்டோவில் திரும்பும்போது கயல் இடது கை விரலால் தடவி, வாய்விட்டுப் படித்துக்கொண்டே வந்தாள். டிரைவர் திரும்பிப் பார்த்தார்.

"இன்னா பாப்பா, வெள்ளைப் பேப்பரைத் தடவிகினு இவ்ளோ பேசற?"

"எங்கப்பா எழுதினது அண்ணா."

"ஒரு எழுத்தும் காணமே!"

"உங்களுக்குத்தான் காணோம்" என்றாள். டிரைவர் சிரித்த சிரிப்பில் ஆட்டோ ஒரு குலுங்கு குலுங்கியது.

சாயங்காலம் மேடையில் அவள் விரல் எங்கேயும் நிற்கவில்லை. நான்தான் கடைசி வரி வரை மூச்சை விடாமல் நின்றேன். கீழே இறங்கியதும் என் காதருகே வந்தாள். "ரெண்டாம் பக்கத்துல ஒரு புள்ளி விட்டுட்டப்பா. நானே சேர்த்துப் படிச்சிட்டேன்."

ஒரே ஒரு புள்ளிதானா... அப்பாடா!