கட்டைவிரலுக்கு ஒரு பேனா

என் மனைவியின் வலது கட்டைவிரல் காலை வேளையில் மடங்கினால் மடங்கியபடியே நின்றுவிடும். இடது கையால் பிடித்து மெதுவாக நிமிர்த்த வேண்டும். நிமிரும்போது சுளீரென்று வலிக்கும் போலிருக்கிறது. சமையலறையிலிருந்து எதையோ சொல்லிக்கொண்டே இருப்பவள் பாதியில் பேச்சை நிறுத்தினால், விரலை நிமிர்த்துகிறாள் என்று கூடத்தில் நாளிதழோடு உட்கார்ந்திருக்கும் எனக்குத் தெரிந்துவிடும். நானும் படிப்பதை நிறுத்திவிட்டு, அவள் மறுபடி பேசும்வரை காத்திருப்பேன்.

ஒருநாள் வற்புறுத்தி, கோலாலம்பூரை அடுத்த கிள்ளானில் இருக்கும் அரசாங்கக் கிளினிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் தமிழ்ப் பெண். விரலை மடக்கிப் பார்த்தார், அழுத்திப் பார்த்தார்.

"கைக்கு என்ன வேலை குடுக்குறீங்க ஆன்டி? துணி பிழியிறதா, தேங்காய் துருவுறதா?"

"எழுதறேன் டாக்டர்."

"இந்த வயசுல என்ன எழுதறீங்க?"

"ஸ்ரீராமஜெயம்."

டாக்டர் சிரிக்கவில்லை. ஒரு ஊசி போட்டுவிட்டு, "கொஞ்ச காலத்துக்கு வாயால சொல்லுங்க ஆன்டி, கை ரெஸ்ட் எடுக்கட்டும்" என்றார். எனக்கு அவரை மிகவும் பிடித்துப்போயிற்று. நான் மாதக்கணக்கில் சொல்லிவந்ததை அவர் வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு சொல்லிவிட்டார்.

இந்த ஸ்ரீராமஜெயம் தொடங்கியது என்னால்தான். கோலாலம்பூர் மருத்துவமனை ஒன்றில் என் நெஞ்சைத் திறந்து அடைப்பைச் சரி செய்துகொண்டிருந்தபோது, அவள் கீழே இருந்த கடையில் ஒரு பள்ளிக்கூட நோட்டும் ஒரு பால்பேனாவும் வாங்கிக்கொண்டு வந்து நடைபாதை நாற்காலியில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்திருக்கிறாள். நான் பிழைத்து வெளியே வந்தேன். டாக்டர்கள் தைத்தார்கள், நான் எழுதினேன், இவர் பிழைத்தார் என்பது அவளுடைய கட்சி. அன்றிலிருந்து தினமும் குளித்து, விளக்கேற்றி, காப்பி குடிப்பதற்கு முன் நூற்றெட்டு முறை எழுதியாக வேண்டும். எழுதி முடித்த நோட்டுகள் ஒரு துணிப்பைக்குள் சேரும். பை நிறைந்ததும் கோயிலுக்குப் போய் ஆஞ்சநேயருக்கு மாலையாகும்.

நான் அவ்வளவு பக்திமான் இல்லை. கோயிலுக்குப் போவேன், பொங்கல் சூடாக இருந்தால் இரண்டாம் முறையும் கை நீட்டுவேன். "ராமருக்கு வேற வேலை இல்லையா, இதையெல்லாம் உக்காந்து படிக்கிறதுக்கு?" என்று அவளைச் சீண்டுவேன். அவள் தலை நிமிராமல் எழுதிக்கொண்டே இருப்பாள். எழுதும்போது பேசக்கூடாது என்பதால் எனக்கு அந்த அரைமணி நேரம் முழுச் சுதந்திரம்.

கிளினிக்கிலிருந்து காரில் திரும்பிக்கொண்டிருந்தோம். சிவப்பு விளக்கில் நின்றபோது சொன்னாள்.

"நான் நிறுத்த மாட்டேன்."

"ராமர் ஒண்ணும் கோவிச்சிக்க மாட்டாரு லா. மெடிக்கல் லீவு எடுத்துக்க."

"அவரு கோவிச்சிக்குவாருன்னு நான் சொன்னேனா? நிறுத்தினா உங்களுக்கு எதாச்சும் ஆயிடும். எனக்கு பயமா இருக்கு."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "என் நெஞ்சு என்ன உன் கட்டைவிரல்லயா இருக்கு?" என்று கத்திவிட்டேன். பின்னால் வந்த லோரிக்காரன் ஹார்ன் அடித்த பிறகுதான் விளக்கு பச்சையானதையே பார்த்தேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்காக ஒருத்தி தினமும் வலியோடு எழுதுகிறாள் என்பதை என்னால் தாங்க முடியவில்லை. அதை அப்படியே சொல்லத் தெரியாதவனுக்குக் கோபம்தான் வரும்.

அவள் எழுதுவதல்ல, அழுத்துவதுதான் விரலைக் கெடுக்கிறது என்று வீட்டுக்கு வந்து யோசித்தபோது புரிந்தது. கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் அவள் பக்கத்து ஊரான மேருவில் ஒரு கையுறைத் தொழிற்சாலையின் ஸ்டோரில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தாள். சரக்கு வெளியே போகும்போது எழுதும் சீட்டுக்கு அடியில் கார்பன் தாள் வைத்துப் பல நகல் எடுக்க வேண்டும். கடைசி நகலில் எழுத்து தெரியாவிட்டால் லோரி கேட்டைத் தாண்டாது. அந்தப் பழக்கம் கையை விட்டுப் போகவில்லை. அவளுடைய நோட்டைத் திருப்பிப் போட்டுத் தடவினால், கண்ணை மூடிக்கொண்டே ஸ்ரீராமஜெயம் வாசிக்கலாம். ராமருக்கு எதற்குக் கார்பன் காப்பி என்று கேட்டேன்.

மைப்பேனாவுக்கு அழுத்தமே தேவையில்லை, தாளின்மேல் சும்மா வைத்தாலே மை இறங்கும் என்று எங்கோ படித்திருந்தேன். அவ்வளவுதான், கைப்பேசியும் நானுமாக உட்கார்ந்துவிட்டோம். உலகத்தில் பேனாவைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். நிப்பின் பருமன், பேனாவின் எடை, மை உலரும் நேரம் என்று ஒரு வாரம் வீடியோ பார்த்ததில் எனக்குப் பாதி தலைக்கனமும் பாதி தலைவலியும் வந்தன. "எங்க அப்பா மாப்பிள்ளை பாத்தப்பகூட இவ்வளவு விசாரிக்கல" என்றாள் அவள். விசாரித்திருந்தால் நீ வேறு எங்கோ இருந்திருப்பாய் என்றேன்.

கடைசியில் இணையத்தில் மலிவாக, பார்க்க எடுப்பாக இருந்த ஒரு பேனாவை வாங்கிவிட்டேன். அவள் அதற்குக் குங்குமம் வைத்து, சாமி படத்தின் முன்னால் ஓர் இரவு வைத்திருந்து, மறுநாள் எழுத உட்கார்ந்தாள். பழக்கதோஷத்தில் அழுத்தினாள். நிப்பின் இரண்டு பிளவும் கால் பரப்பிக்கொண்டு நின்றன. ஒரு பெரிய மைத்துளி நேராக ராமரின் பெயர்மேல் விழுந்து, அந்த மட்டமான தாளில் ஊறிப் பரவியது.

அவள் பதறிப்போனாள். துணியால் ஒற்றி எடுத்தாள், கன்னத்தில் போட்டுக்கொண்டாள், பால்பேனாவை எடுத்து மீதியை எழுதி முடித்தாள். அதோடு விட்டாளா? அன்று முழுக்க நான் போகுமிடமெல்லாம் பின்னாலேயே வந்தாள். பிரஷர் பார்க்கும் கருவியை மேசையிலிருந்து எடுத்து வைக்கவே இல்லை. குளியலறைக் கதவைத் தாழ் போடாதீங்க என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு, வீங்கிய விரலோடு அவள் என் கையில் பட்டையைச் சுற்றத் திணறுவதைப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது. எனக்கு எதுவும் ஆகாது என்று யார் அவளுக்கு எழுதிக் கொடுக்க முடியும்? எனக்கே அது நிச்சயமில்லை. அவள் எழுதட்டும், வலிக்காமல் எழுதட்டும் என்று அன்றைக்குத்தான் மனத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"கடைக்குப் போவோம். நீயே கையில பிடிச்சு எழுதிப் பாத்து வாங்கு" என்றேன்.

"வேணாம். வீண் செலவு."

"பிரிக்பீல்ட்ஸ்ல வாழை இலைச் சாப்பாடு வாங்கித் தரேன்."

"அப்ப சரி."

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் காரை நிறுத்த இடம் தேடுவதைவிட நடந்தே போய்விடலாம் என்பதால் கொமுட்டர் ரயில் ஏறினோம். சென்ட்ரலில் இறங்கி, பூக்கடைகளைத் தாண்டி, நான் கைப்பேசியில் கண்டுபிடித்து வைத்திருந்த மாடிக்கடைக்குப் போனோம். படியேறும்போது அவள் என் மூச்சையும் நான் அவள் கையையும் கவனித்துக்கொண்டே ஏறினோம்.

கடையில் இருந்தது ஒரு தமிழ்ப் பெண், எங்கள் மகள் வயது இருக்கும். நான் ஒரு வாரம் படித்ததையெல்லாம் அவளிடம் ஒப்பித்தேன். ஸ்ரீ என்ற எழுத்தின் சுழி அடைபடாத அளவுக்கு நிப்பு மெல்லியதாக இருக்க வேண்டும், மட்டமான தாளைக் கீறாத அளவுக்கு வழவழப்பாகவும் இருக்க வேண்டும், அழுத்தினால் விரியக் கூடாது, கனம் கூடாது. அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டாள். நான் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த தங்க நிப்புப் பேனாவைக் காட்டியதும் என் மனைவி என் முழங்கையில் இடித்தாள்.

"தினம் எழுதறதுக்குத்தானே. சாதாரணமா, கட்டுப்படியாகிற விலைக்கு எடுத்துக் குடும்மா."

"அதான் ஆன்டி சரி. எஃகு நிப்பே போதும். நீங்க அழுத்திப் பழகின கைன்னா தங்கம் தாங்காது."

ஒரு தட்டில் சில பேனாக்களை மை போட்டு எடுத்துவைத்தாள். ஒரு சீனப் பேனா, ஜப்பான் பேனா ஒன்றிரண்டு, ஜெர்மனியில் பள்ளிப் பிள்ளைகள் எழுதிப் பழகுவதற்காகச் செய்த ஒரு பிளாஸ்டிக் பேனா. அந்தக் கடைசிப் பேனாவில் விரல் பிடிக்கும் இடம் முக்கோணமாகச் செதுக்கப்பட்டிருந்தது. வெள்ளைத் தாள் கட்டு ஒன்றையும் முன்னால் வைத்தாள்.

"தினமும் என்ன எழுதுவீங்களோ அதையே எழுதிப் பாருங்க ஆன்டி. அப்பதான் கைக்குத் தெரியும்."

என் மனைவி சீனப் பேனாவை எடுத்தாள். தாளின்மேல் கொண்டுபோனாள். அப்படியே நின்றாள். பிறகு மூடிவைத்துவிட்டு என் சட்டையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள்.

"அத இங்க எழுத மாட்டேன்."

"ஏன்?"

"எழுதிப் பாத்த தாள கசக்கி அங்க போட்டுருவாங்க" என்று கண்ணால் காட்டினாள். மேசைக்கு அடியில் ஒரு கூடை நிறைய, வருகிறவர்கள் கிறுக்கிப் பார்த்த தாள்கள் கசங்கிக் கிடந்தன.

கேலி செய்யத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் அவள் சொன்னதில் தப்பில்லை. எங்கள் வீட்டில் பிள்ளையார் படம் அச்சடித்த கல்யாணப் பத்திரிகைகூட இதுவரை குப்பைக்குப் போனதில்லை.

"அப்ப வேற எதாச்சும் எழுது. ஏ பி சி டி எழுது" என்று சொல்லிவிட்டு, பக்கத்தில் நின்றால் நிச்சயம் மூக்கை நுழைப்பேன் என்பதால் மை பாட்டில்கள் இருந்த அலமாரிப் பக்கம் போனேன். நீலத்திலேயே எத்தனை நீலம். மட்டத் தாளில் ஊறாத மை எது என்று ஒவ்வொரு பெட்டியாகத் திருப்பித் திருப்பிப் படித்துக்கொண்டிருந்தேன். ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு திரும்பிவர நேரமாகிவிட்டது.

தாளில் என் பெயர் இருந்தது.

கல்யாணமான நாளிலிருந்து அவள் என் பெயரைச் சொன்னதில்லை. ஏங்க, இங்க பாருங்க, பிள்ளைகளிடம் பேசும்போது அப்பா, அவ்வளவுதான். கிளினிக் கவுன்டரில் நோயாளி பெயர் என்ன என்று கேட்டால்கூட என் ஐசி அட்டையை எடுத்து நீட்டுவாளே தவிர வாயைத் திறக்க மாட்டாள். அந்தப் பெயர், என் தகப்பனாரின் முதல் எழுத்தோடு, தாள் முழுக்க இருந்தது. சீனப் பேனாவில் ஒருமுறை எழுதியது தாளைக் கீறிக்கொண்டு நின்றிருந்தது. அடுத்ததில் சுழிகள் அடைத்துப்போய்க் கறுப்பாக இருந்தது. அதற்கடுத்ததில் மெல்லியதாக, ஆனால் தாள் குழியும் அளவுக்கு அழுத்தி எழுதியிருந்தாள். கடைசியாக அந்தப் பள்ளிப் பிள்ளைகளின் பேனா. அதில் என் பெயர் ஒரு வரியோடு நிற்கவில்லை. அடுத்த வரி, அதற்கடுத்த வரி என்று தாளின் அடிவரைக்கும் போயிருந்தது. போகப் போக அழுத்தம் குறைந்து எழுத்து இளகியிருந்தது. அவளுடைய கையெழுத்து இவ்வளவு அழகானது என்று எனக்கு அன்றுவரை தெரியாது. அழுத்தாமல் அவள் எழுதி நான் பார்த்ததே இல்லை.

"சாமி பேரு குப்பைக்குப் போகக்கூடாது. என் பேரு போகலாமா?" என்றேன். சீண்டுவதாக நினைத்துத்தான் சொன்னேன், குரல் சரியாக வரவில்லை.

கடைப் பெண் சிரித்தாள். என் மனைவி சிரிக்கவில்லை. பேனாவை மூடித் தட்டில் வைத்தாள். தாள்கட்டிலிருந்து அந்தத் தாளைத் தானே பிரித்தெடுத்து, "இத நான் எடுத்துக்கறேன்மா" என்று அந்தப் பெண்ணிடம் சொல்லி, நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். பிறகு எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

"தினமும் எழுதறத எழுதுங்கன்னு அந்தப் பொண்ணு சொல்லுச்சு. நான் தினமும் எழுதறது இந்தப் பேருக்குத்தானே."

"எந்தப் பேனா எடுக்கட்டும் ஆன்டி?" என்று கேட்டாள் கடைப் பெண்.

அவள் பதில் சொல்லும் முன் நான் முந்திக்கொண்டேன். தட்டில் கடைசியாக இருந்ததை விரலால் தொட்டுக் காட்டினேன்.