சேனை தொட்ட விரல்

எட்டாவதோடு என் பள்ளிக்கூடம் நின்றுபோனது. மிச்சத்தையெல்லாம் ஜனங்கள் வாயிலிருந்துதான் பொறுக்கிக்கொண்டேன். மரக்காணத்து உப்பளத்தில் என்னோடு உப்பு வாருகிற பெண் ஒருத்தி, பங்குனி வெயிலுக்கு ‘மாமியார்’ என்று பெயர் வைத்திருந்தாள். “காலையில எழுந்ததுலருந்து தலைமேலயே நிக்குது பாருக்கா” என்பாள். இப்படி ஒன்று காதில் விழுந்தால் எனக்குப் பொறுக்காது. சாயந்திரத்துக்குள் நாலு பேரிடம் சொல்லியாக வேண்டும்.

அதனால்தான் தம்பிக்குப் பிள்ளை பிறந்தபோது சேனை வைக்க என்னைக் கூப்பிட்டார்கள். பிறந்த குழந்தையின் நாக்கில் முதன்முதலாக யார் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைக்கிறார்களோ, அவர்கள் குணம் குழந்தைக்கு வரும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. தம்பி மனைவி ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடியே சொல்லிவிட்டாள்: “அண்ணிதான் வைக்கணும். உங்க தம்பி மாதிரி எதைக் கேட்டாலும் ‘ம்’முன்னு சொல்ற ஆம்பள எனக்கு இன்னொண்ணு வேணாம்.”

தம்பி அதற்கும் ‘ம்’ என்றான். வார்டே சிரித்தது.

தாய்ப்பாலைத் தவிர ஒரு சொட்டுகூட எதுவும் கொடுக்கக் கூடாது என்று நர்ஸம்மா காலையிலேயே கண்டித்துச் சொல்லியிருந்தார். அவர் அடுத்த வார்டுக்குப் போகும்வரை சர்க்கரைத் தண்ணீர் ஊற்றிய பாலாடைக் கிண்ணத்தை முந்தானைக்குள் மறைத்து வைத்திருந்தேன்.

அப்போது என் உதட்டின் இடது ஓரத்தில் ஒரு கொப்புளம் இருந்தது. வெயில் ஏறினால் வருஷா வருஷம் வரும். சூட்டுக் கொப்புளம் என்போம். அதை நோய் என்று எங்களில் யாரும் நினைத்ததில்லை. உப்பளத்தில் வேலை செய்கிறவர்களுக்குத் தலைவலி, நீர்க்கடுப்பு, கோபம் எல்லாமே சூடுதான். “இன்னாக்கா, மாமா கடிச்சிட்டாரா?” என்று வெயிலுக்கு மாமியார் பெயர் வைத்தவள் கேட்டாள். “அவருக்கு அவ்ளோ பல்லு ஏதுடி?” என்றேன். கொஞ்சம் நெய் தடவிக்கொண்டேன். அவ்வளவுதான் வைத்தியம்.

விரலைச் சர்க்கரைத் தண்ணீரில் நனைத்து, இனிப்பு சரியாக இருக்கிறதா என்று என் நாக்கில் வைத்துப் பார்த்தேன். அதே விரலை மறுபடி நனைத்துக் குழந்தையின் வாயில் வைத்தேன். அது சப்புக்கொட்டியது. “அத்தை மாதிரி பேசணும்டா, டேய்” என்று வாயோரத்தில் ஒரு முத்தமும் கொடுத்தேன்.

பதினோராம் நாள் குழந்தை பால் குடிக்காமல் தூங்கிக்கொண்டே இருந்தது. பச்சைக் குழந்தை தூங்கத்தானே செய்யும் என்று நான்தான் சமாதானம் சொன்னேன். மறுநாள் காலையில் உடம்பு கொதித்தது. ஒரு கை மட்டும் விட்டு விட்டு இழுத்தது. தம்பி லோடு ஆட்டோவை எடுத்தான். பாண்டிச்சேரி போய்ச் சேரும்வரை குழந்தையின் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தேன். வழியில் தம்பி, எப்போதும் பேசாதவன், “அக்கா, எதுனா பேசு” என்றான்.

முதுகுத்தண்டில் நீர் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு, டாக்டரம்மா எங்களிடம் வந்து கேட்டார்: “உதட்டுல புண்ணு, கொப்புளம் இருக்கிறவங்க யாராவது குழந்தையைத் தூக்கினாங்களா? முத்தம் குடுத்தாங்களா?”

“அப்படி யாரும் இல்லீங்க மேடம்” என்றாள் தம்பி மனைவி.

என் கை தானாக உதட்டுக்குப் போயிற்று. கொப்புளம் ஆறி அந்த இடம் சும்மா கறுத்திருந்தது. டாக்டரம்மா நகர்ந்ததும் பின்னாலேயே ஓடி, வராந்தா முனையில் நிறுத்தி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. “ஹெர்பிஸ்னு ஒரு வைரஸும்மா. உங்களுக்கு ஒரு வாரத்துல ஆறிப்போற கொப்புளம். பொறந்த குழந்தைக்கு அதை எதிர்க்கத் தெம்பு கிடையாது, மூளை வரைக்கும் போயிடும்” என்றார்.

“என்னாலதானா மேடம்?”

“அப்படித்தான் தோணுது. சத்தியமா சொல்ல முடியாது. மருந்து ஆரம்பிச்சாச்சு.” கொஞ்சம் நின்று, “அவங்கம்மாகிட்ட நான் சொல்லட்டுமா?” என்றார்.

“வேணாம் மேடம். நானே சொல்றேன்.”

அந்த வாக்கைக் காப்பாற்ற எனக்கு மூன்று வருஷம் ஆனது.

மூன்று வாரம் ஊசியிலேயே மருந்து ஏறியது. பிள்ளை பிழைத்தான். உட்காரவே ஒன்றரை வயதானது. இப்போது கையைப் பிடித்தால் நடப்பான். ஆனால் பேச்சு வரவில்லை. காது நன்றாகக் கேட்கிறது. நான் பேசினால் என் உதட்டின்மேல் விரல்களை வைத்துக்கொள்வான், சத்தம் எங்கேயிருந்து வருகிறது என்று பார்க்கிற மாதிரி.

அவன் அம்மா தானாகவே ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தாள். எட்டாம் மாசம் வரைக்கும் உப்பளத்து வெயிலில் நின்றாளாம். “என் சூடுதான் அண்ணி புள்ளைக்கு இறங்கிடுச்சு” என்று நினைத்துக்கொண்டாற்போல் சொல்வாள். ஒவ்வொரு தடவையும் வாயைத் திறப்பேன். “அப்படிலாம் சொல்லாதம்மா” என்பதற்கு மேல் வராது. கேட்டதையெல்லாம் சாயந்திரத்துக்குள் நாலு பேரிடம் சொல்கிற நான், இந்த ஒன்றை மட்டும் விழுங்கிக்கொண்டே இருந்தேன்.

போன தை மாசம் தெருக்குழாயில் நின்றிருந்தோம். தம்பி மனைவி பிள்ளையை இடுப்பில் வைத்திருந்தாள். பக்கத்து வீட்டுக்காரி வந்து, “எம் பொண்ணுக்குப் புள்ள பொறந்திருக்குதுக்கா. நீதான் வந்து சேனை வைக்கணும்” என்றாள்.

குடத்தை நகர்த்திக்கொண்டிருந்த இன்னொருத்தி சிரித்தாள். “ஏம்மா, அந்தக்கா வச்ச புள்ளையே இன்னும் வாயத் தொறக்கல. நீ வேற போய் கூப்புடுறே.”

வேடிக்கையாகத்தான் சொன்னாள். தம்பி மனைவிக்கு முகம் சிவந்துவிட்டது. “அண்ணி கையில இன்னா கீது? வெயில்ல நின்னவ நான். தப்பு எம்மேல. அவங்கள எதுக்கு இழுக்குறே?” என்று அவளிடம் சண்டைக்குப் போனாள்.

எனக்காக அவள் பேசியதைக் கேட்டுக்கொண்டு நிற்க முடியவில்லை.

“இல்லம்மா” என்றேன். “உன் மேல இல்ல. எம்மேல.”

கொப்புளம், விரல், முத்தம், வராந்தாவில் டாக்டரம்மா சொன்னது, நான் சொல்லாமல் விட்டது, எல்லாவற்றையும் அந்தக் குழாயடியிலேயே சொல்லி முடித்தேன். யாரோ குழாயை நிறுத்த மறந்து குடம் வழிந்துகொண்டிருந்தது.

“எந்தப் பக்கம்?” என்று கேட்டாள் தம்பி மனைவி.

இடது ஓரத்தைத் தொட்டுக் காட்டினேன். ரொம்ப நேரம் அந்த இடத்தையே பார்த்தாள்.

“டாக்டரம்மா கேட்டாங்க. நான் யாரும் இல்லன்னேன். நீங்க பக்கத்துலதான நின்னீங்க” என்றாள். பிறகு பிள்ளையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு நடந்தாள். குடம் அங்கேயே கிடந்தது.

பக்கத்து வீட்டில் யாருமே சேனை வைக்கவில்லை என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். அந்த ஒன்றாவது நடந்தது.

எங்கள் வீட்டுக்கும் தம்பி வீட்டுக்கும் நடுவே நாலே வீடு. இருபது நாள் தம்பி மனைவி வரவில்லை. தம்பி ஒரு தடவை வந்து உட்கார்ந்தான், ‘ம்’ என்றுகூடச் சொல்லாமல் போனான். எனக்கு அன்றிலிருந்து முட்டிவலி, வேலைக்கும் போகவில்லை. உப்பு வாருகிற காலம் தொடங்கிய ஒரு காலையில் அவளே வந்து, பிள்ளையை என் மடியில் உட்கார வைத்தாள்.

“நான் வேலைக்குப் போறேன். சாயந்திரம் வந்து தூக்கிக்கிறேன். முத்தம் மட்டும் குடுக்காதீங்க.”

அண்ணி என்று சொல்லவில்லை. அதைக் கேட்க எனக்கு உரிமையும் இல்லை.

அவள் தெருமுனை திரும்பியதும், வெயிலுக்கு மாமியார் என்று பெயர் வைத்தவளின் கதையைப் பிள்ளைக்குச் சொல்ல ஆரம்பித்தேன். வழக்கம்போல் விரல்களை என் உதட்டுக்குக் கொண்டுவந்தான். காலையில்தான் கண்ணாடியில் பார்த்திருந்தேன், அங்கே ஒன்றும் இல்லை. இருந்தாலும் அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கி, என் தொண்டைக்குழியில் வைத்துக்கொண்டேன். அங்கேயும் பேச்சு அதிரும். அவன் முழித்துப் பார்த்தான். நான் நிறுத்தாமல் பேசினேன்.